மூச்சுத்திணறலும் படுக்கையருகே ஸ்கேனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவிகள் பரவி வருவது பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அப்படி எழுதப்படுபவற்றில் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன: நெஞ்சில் வைத்த மறுகணம் நோய் இன்னதென்று கருவி சொல்லிவிடும் என்பது ஒன்று, இனி நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வேலையில்லை என்பது மற்றொன்று. கருவி எந்த நோயின் பெயரையும் சொல்வதில்லை. நுரையீரலைச் சுற்றிய ஈரடுக்குச் சவ்வான நுரையீரல் உறை அசைகிறதா, கோடுகள் குறுக்கே ஓடுகின்றனவா நெடுக்கே இறங்குகின்றனவா, நீர் நிற்கிறதா என்ற சில கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று காட்டும், அவ்வளவுதான். நோயாளியின் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, முன்கதை ஆகியவற்றோடு அந்தப் பதில்களைச் சேர்த்துக் கணக்குப் போடுவது மருத்துவரின் வேலை. கணக்குத் தப்பினால் நல்ல நுரையீரலுக்குள் குழாய் இறங்கிவிடும். எங்கே தப்புகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நெஞ்சை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாது என்றுதான் வெகுகாலம் பாடம் நடந்தது. தசைக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள எல்லையில் ஒலியலை ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும். ஆகவே காற்று நிறைந்த நுரையீரலின் உட்புறம் திரையில் வராது. இந்த இயற்பியல் இன்றும் மாறவில்லை. மாறியது பார்வை. பிரான்ஸின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன், திரும்பி வரும் அலைகள் திரையில் உண்டாக்கும் பொய்ப் பிம்பங்களையே தகவலாக வாசிக்கலாம் என்று காட்டினார். அவரும் சக ஆய்வாளர் மெசியேரும் 2008இல் வெளியிட்ட ‘ப்ளூ’ நெறிமுறை, கடும் மூச்சுத்திணறலுடன் தீவிர சிகிச்சைக்கு வந்து, இறுதியில் காரணம் உறுதியான 260 பேரில் 90.5 சதவீதம் பேருக்குச் சரியான காரணத்தைத் தந்தது. மீதி ஏறத்தாழ பத்து சதவீதத்தை மறந்துவிடக் கூடாது.

திரையில் என்ன தெரிகிறது? நெஞ்சில் வைக்கும் கைப்பகுதியான புரோப்பின் முகத்துக்கும் நுரையீரல் உறைக்கும் நடுவே அலை முன்னும் பின்னும் எதிரொலித்தால், உறைக்கோட்டுக்குக் கீழே சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள் விழும். தோலிலிருந்து உறை 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அடுத்த கோடு 4 செ.மீ.யிலும் அதற்கடுத்தது 6 செ.மீ.யிலும் வரும். இவை ஏ கோடுகள். உறைக்கு அடியில் காற்று இருக்கிறது என்பது மட்டுமே இவற்றின் பொருள். அது நுரையீரலுக்குள் இருக்க வேண்டிய காற்றா, வெளியே கசிந்து உறைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றா என்பது கோட்டைப் பார்த்தால் தெரியாது. அசைவைப் பார்த்தால்தான் தெரியும். முதல் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

புரோப்பை வைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் பாதித் தவறு கையில்தான் இருக்கிறது. உறையின் அசைவைப் பார்க்க நேர்முக லீனியர் புரோப், அதாவது சுமார் 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது நல்லது. ஆழம் 4 முதல் 6 செ.மீ. போதும். நெடுக்குக் கோடுகளையும் நீரையும் பார்க்க வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த புரோப், 15 செ.மீ. ஆழம் அல்லது அதற்குச் சற்று மேல். அவசரத்தில் வளைந்த புரோப் ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆழத்தைக் குறைக்க மட்டும் மறக்கக் கூடாது. புரோப்பின் குறி தலைப்பக்கம் இருக்க, விலா எலும்புகளுக்குக் குறுக்காக, தோலுக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். இரண்டு விலா எலும்புகள், அவற்றின் கரிய நிழல்கள், நடுவே சற்றுக் கீழே ஒரு பளிச்சென்ற கோடு: சிறகு விரித்த வவ்வால் போல இருப்பதால் இதற்கு வவ்வால் குறி என்றே பெயர். வளர்ந்தவர்களில் விலா எலும்பின் மேற்பரப்பிலிருந்து அரை செ.மீ. அளவு கீழே உறைக்கோடு இருக்கும்.

இந்த வவ்வாலைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், புரோப் ஒரே விலா எலும்பின் நீளவாக்கில் உட்கார்ந்துவிடும். எலும்பின் மேற்பரப்பும் பளிச்சென்று வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் வழுக்காது. புதியவர் அதையே உறைக்கோடு என்று எடுத்துக்கொண்டு ‘அசைவு இல்லை, காற்று அடைத்திருக்கிறது’ என்பார். இரண்டு எலும்பும் இரண்டு நிழலும் ஒரே படத்தில் வராதவரை அசைவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கருவியின் அமைப்பிலும் ஒரு பொறி உண்டு. படத்தை அழகாக்க எனத் தரப்படும் வசதிகள், அதாவது பல கோணப் படங்களைக் கலப்பது, அடுத்தடுத்த படங்களைச் சராசரியாக்குவது, ஹார்மானிக் முதலியவை, நுரையீரலில் நமக்கு எதிராக வேலை செய்கின்றன. நமக்கு வேண்டியது அந்தப் பொய்ப் பிம்பங்கள்தான். அவற்றைத் துடைத்தெறிவதற்கென்றே இந்த வசதிகள் இருக்கின்றன. கல்லீரலுக்கான அமைப்பில் நுரையீரலைப் பார்த்தால் நெடுக்குக் கோடுகள் மங்கி, அசைவு சேறாகிப் போகும். நுரையீரல் அமைப்பு இருந்தால் அதைத் தேர்வு செய்யலாம்; இல்லையென்றால் இவற்றைக் கையால் அணைத்துவிட்டு, ஃபோகஸை உறைக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கையும் நடுங்கக் கூடாது: சுண்டுவிரலையும் உள்ளங்கை ஓரத்தையும் நோயாளியின் நெஞ்சில் ஊன்றிக்கொண்டால் புரோப்பின் ஆட்டம் உறையின் அசைவாகத் தெரியாது.

இனி நெஞ்சில் காற்று அடைபடுவது, அதாவது நியூமோதோராக்ஸ். படுத்திருப்பவரின் காற்று மேலே ஏறி முன்பக்கம் நிற்கும். எனவே காரை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது விலா இடைவெளிகளில் முதலில் பார்க்க வேண்டும். பிறகு அக்குள் பக்கம். மூச்சுக்கு மூச்சு உறைக்கோடு மினுமினுத்து வழுக்கினால் அந்த இடத்தில் காற்று அடைபடவில்லை. வழுக்கல் தெளிவாகத் தெரியாவிட்டாலும், உறையிலிருந்து பி கோடு எனப்படும் நெடுக்குக் கோடு ஒன்றே ஒன்று இறங்கினாலும் சரி, இதயத் துடிப்புக்கேற்ப உறைக்கோடு துள்ளினாலும் சரி, அங்கே இரண்டு உறைகளும் ஒட்டியே இருக்கின்றன என்று பொருள். ‘அந்த இடத்தில்’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் முழுவதும் நலம் என்று குறிப்பு எழுதுவது கூடாது.

ஒரே கோட்டின் அசைவைக் காலவரிசையில் வரைந்து காட்டும் எம்-மோடு போட்டால், அசையும் நுரையீரல் கடலலையும் மணலும் போலவும், அசையாதது மேலிருந்து கீழ்வரை பார்கோடு போலவும் தெரியும். சந்தேகம் இருக்கும்போது உதவும். ஆனால் நோயாளி மூச்சுக்குத் திணறி கழுத்துத் தசையையும் நெஞ்சுத் தசையையும் இழுத்துக்கொண்டிருந்தால், தசையின் அசைவே பார்கோட்டுக்குள் மணலைக் கலந்துவிடும். எம்-மோடு படம் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது எங்களுக்கு உடன்பாடில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வழுக்கல் இருந்தால் காற்று இல்லை, சரி. வழுக்கல் இல்லாவிட்டால் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. பழைய காசநோயாலோ அறுவை சிகிச்சையாலோ உறைகள் ஒட்டிப்போயிருக்கலாம். பெரிய காற்றுக்குமிழிகள் கொண்ட புகைப்பவரின் நுரையீரலாக இருக்கலாம். சளி அடைத்து அந்தப் பக்கமே சுருங்கியிருக்கலாம். கடும் நிமோனியாவில், அழற்சியால் நுரையீரல் பரவலாக நீர் கோக்கும் ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் வழுக்கல் குறைந்து மறையும். மூச்சே விடாதவருக்கு எதுவும் வழுக்காது. இவை எல்லாவற்றையும்விட அவசரப் பிரிவில் அதிகம் ஏமாற்றுவது மூச்சுக்காகத் தொண்டை வழியே செருகும் குழாய்தான்.

நோயாளிக்குக் குழாய் செருகி வென்டிலேட்டரில் போட்டாயிற்று. ஆக்ஸிஜன் அளவு ஏறவில்லை. இடது நெஞ்சில் ஸ்டெத்தில் ஒலி குறைவு. ஸ்கேன் வைத்தால் இடப்பக்கம் வழுக்கல் இல்லை. மூன்றும் சேர்ந்து இடப்பக்கம் காற்று அடைத்திருக்கிறது என்று கத்துவதுபோல் இருக்கும். காற்றை வெளியேற்றும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு எல்லாத் தூண்டுதலும் உண்டு. குழாய் இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக இறங்கி வலது மூச்சுக்கிளைக்குள் போயிருந்தாலும் இதே மூன்றும் அப்படியே நடக்கும். வித்தியாசம் ஒன்றே: குழாய் இறங்கியிருந்தால் இடது உறைக்கோடு இதயத் துடிப்புக்கேற்ப மெல்லத் துள்ளும். காற்று அடைத்திருந்தால் துள்ளாது, ஏனெனில் இதயத்தின் தள்ளலை உறைக்குக் கொண்டுவர நடுவே நுரையீரல் ஒட்டியிருக்காது. ஆகவே அந்தக் கட்டத்தில் நான்கைந்து விநாடி புரோப்பை அசைக்காமல் வைத்துத் துள்ளலைத் தேட வேண்டும். குழாயின் உதட்டருகே உள்ள செ.மீ. குறியையும் பார்க்க வேண்டும். துள்ளல் இருந்தால் செய்ய வேண்டியது குழாயைச் சற்று வெளியே இழுப்பது மட்டும்தான்.

காற்று அடைபட்டதை ஐயமற உறுதிசெய்யும் ஒரே குறி, நுரையீரல் விளிம்புப் புள்ளி. வழுக்கல் இல்லாத இடத்திலிருந்து புரோப்பை ஒவ்வொரு இடைவெளியாக அக்குள் பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், ஓர் இடத்தில் மூச்சை இழுக்கும்போது வழுக்கல் திரைக்குள் வரும், விடும்போது வெளியேறும். ஒட்டிய நுரையீரலும் விலகிய நுரையீரலும் சந்திக்கும் எல்லை அது. முன்பக்கமே கிடைத்தால் காற்று குறைவு, பின்பக்கம் போகப் போக அதிகம் என்று தோராயமாகக் கொள்ளலாம். நுரையீரல் முற்றிலும் சுருங்கியிருந்தால் புள்ளி கிடைக்கவே கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. இடப்பக்கம் இதயத்தின் ஓரத்திலும், கீழே கல்லீரல், மண்ணீரல் விளிம்பிலும் இதேபோன்ற காட்சி இயல்பாகவே வரும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. தோலுக்கடியில் காற்று பரவியிருந்தால் வவ்வாலே தெரியாது. அப்போது மேற்கொண்டு முயலாமல் வேறு வழி பார்ப்பதே சரி.

நோயாளி சரிந்துகொண்டிருந்தால், இரத்த அழுத்தம் விழுந்து கழுத்துச் சிரை புடைத்து நிற்கும் நேரத்தில், விளிம்புப் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிலையில் தீர்மானிப்பது ஸ்கேன் அல்ல.

எக்ஸ்ரேவோடு ஒப்பிட்டால்? காயம்பட்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வின்படி, இருக்கும் நியூமோதோராக்ஸைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்ட் 91 சதவீதம். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே 47 சதவீதம். படுத்த நிலையில் காற்று முன்பக்கமாகப் பரவி நிற்பதால் எக்ஸ்ரே தட்டில் விளிம்பு விழாமல் போவதே காரணம். இந்த ஒரு கேள்வியில் ஸ்கேன் முந்துகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த எண்ணை எடுத்து எல்லாக் கேள்விக்கும் பொருத்துவதுதான் செய்திகளில் நடக்கிறது.

மூச்சுத்திணறலுக்கு அடிக்கடி வரும் வேறு காரணங்களைப் பார்க்கலாம். உறைக்கோட்டிலிருந்து புறப்பட்டு, திரையின் அடிவரை மங்காமல் நெடுக்கே இறங்கி, ஏ கோடுகளை அழித்து, மூச்சோடு கூடவே ஆடும் கோடுகள் பி கோடுகள். நுரையீரலின் இடைத்திசுவில் நீரோ தடிப்போ சேர்ந்தால் இவை தோன்றும். ஓர் இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கணக்கில் சேரும். பக்கத்துக்கு நான்கு என எட்டு இடங்களில் பார்த்து, இரண்டு பக்கமும் தலா இரண்டு இடங்களிலாவது அப்படி இருந்தால் பரவலான பாதிப்பு என்பது 2012இன் சர்வதேச ஒருமித்த பரிந்துரை. உறையிலிருந்து கிளம்பி இரண்டு மூன்று செ.மீ.யில் மங்கிப்போகும் குட்டைக் கோடுகளை எண்ணக் கூடாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கெயினை ஏற்றிவைத்தால் எல்லாமே பி கோடாகத் தெரியும்.

இரண்டு பக்கமும் சமமாக, வழவழப்பான உறைக்கோட்டுடன், வழுக்கல் குறையாமல், அடியில் கொஞ்சம் நீரோடு பி கோடுகள் இருந்தால் இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். உறைக்கோடு கரடுமுரடாகி, நடுநடுவே நல்ல திட்டுகள் விட்டுப்போய், உறையை ஒட்டிச் சிறு கரும்புள்ளிகளும் இருந்தால் ஏ.ஆர்.டி.எஸ். அல்லது பரவிய தொற்று. நாட்பட்ட நார்த்தடிப்பிலும் கோடுகள் இப்படித்தான் இருக்கும், பழைய சி.டி. ஒன்று கையில் இருந்தால் அதுவே அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஒரே பக்கம் மட்டும் இருந்தால் முதலில் நிமோனியாவை நினைக்க வேண்டும். இத்தாலியின் ஏழு அவசரப் பிரிவுகளில் 1,005 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இதயத்தால் வந்த மூச்சுத்திணறலைப் பிரித்தறிவதில் மருத்துவரின் பரிசோதனையோடு ஸ்கேனும் சேர்ந்தபோது நோயைக் கண்டறியும் திறன் 97 சதவீதமானது. பரிசோதனை மட்டும் எனும்போது 85.3. கவனிக்க: பரிசோதனையோடு சேர்ந்து. தனியாக அல்ல.

நேரமும் முக்கியம். சிறுநீரைப் பெருக்கும் மருந்தும், நைட்ரோகிளிசரினும், முகமூடி வழிக் காற்றழுத்தமும் வேலை செய்யத் தொடங்கினால் பி கோடுகள் குறைந்துகொண்டே வரும். டயாலிசிஸ் நடக்கும்போதே குறைவதைப் பார்க்கலாம். மருந்து ஏறி வெகுநேரம் கழித்து ஸ்கேன் செய்துவிட்டு, கோடுகள் அதிகமில்லையே, இதயக் கோளாறு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே இடங்களில் பார்த்து ஒப்பிடுவதில் உள்ள பயன் ஒற்றைப் பார்வையில் கிடையாது.

நோயாளி மூச்சுக்குத் தவிக்கிறார், ஆனால் எட்டு இடங்களிலும் ஏ கோடு, நல்ல வழுக்கல். புதியவர் இதை ‘நார்மல் ஸ்கேன்’ என்று எழுதி அடுத்த கட்டிலுக்குப் போவார். எங்கள் கணிப்பில் இதுதான் மிக ஆபத்தான நார்மல். ஆஸ்துமாவும், புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பும் இப்படித் தெரியும். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்தாலும் இப்படித்தான் தெரியும். எனவே புரோப் அடுத்துப் போக வேண்டிய இடம் கால். தொடை இடுக்கில் பொதுத் தொடைச் சிரையையும், முழங்காலுக்குப் பின்னுள்ள சிரையையும் குறுக்குவெட்டில் வைத்து, பக்கத்துத் தமனி இலேசாக நசுங்கத் தொடங்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். சிரையின் இரண்டு சுவர்களும் முழுதாக ஒட்டிக்கொண்டால் அங்கே கட்டி இல்லை, ஒட்டாவிட்டால் இருக்கிறது. கட்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்று தேடுவது வீண்வேலை, புதிய கட்டி இரத்தத்தைப் போலவே கருமையாக இருக்கும். சாய்வாக அழுத்தினால் சிரை நழுவி ஒதுங்கி ஏமாற்றும். கால் இரண்டும் நலம் என்பதால் நுரையீரலில் கட்டி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கட்டி முழுவதும் ஏற்கெனவே மேலே போயிருக்கலாம்.

அங்கிருந்து இதயம். வலது கீழறை இடது கீழறையின் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருப்பது இயல்பு. சமமாகவோ பெரிதாகவோ வீங்கி, நடுச்சுவர் இடப்பக்கம் தட்டையானால் வலப்பக்கம் அழுத்தத்தில் இருக்கிறது. ஆனால் பல வருடமாகப் புகைத்து நுரையீரல் கெட்டவருக்கு அது பழைய வீக்கமாகவும் இருக்கலாம். வலது கீழறைச் சுவர் 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் பழையது என்ற பக்கம் சாயலாம். நிலைமை தாங்கும் நோயாளிக்கு சி.டி. ஆஞ்சியோகிராம்தான் முடிவு. இதயத்தைச் சுற்றிய நீரைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும்: நெஞ்சு வழியே இதயத்தை நீளவாக்கில் காட்டும் படத்தில் இறங்கு பெருந்தமனிக்கு முன்னால் நீர் புகுந்து நின்றால் அது இதய உறைக்குள் இருப்பது; பின்னால் நின்றால் நுரையீரல் உறையில் இருப்பது. முன்பக்கம் மட்டும் கருமையாகத் தெரிவது கொழுப்புப் படலமாகவும் இருக்கலாம். பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து தொங்குவது தெரிந்தால் பெரிய உதவி. தெரியாதது ஆறுதல் அல்ல.

இதயம் நின்றுபோனவருக்கு மார்பு அழுத்தம் கொடுக்கும்போது ஸ்கேன் பார்ப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். நாடி பார்க்கும் இடைவெளி 10 விநாடிதான். அழுத்தம் நடக்கும்போதே புரோப்பை மார்பெலும்புக்குக் கீழே தயாராக வைத்து, நிறுத்தியதும் பதிவுசெய்து, ஒருவர் சத்தமாக விநாடி எண்ணி, பத்தில் எடுத்துவிட வேண்டும். பதிவை அழுத்தம் மறுபடி தொடங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம். படம் தெளிவாகட்டும் என்று காத்திருப்பதால் இடைவெளி நீள்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நீளும் விநாடிகளில் மூளைக்கு இரத்தம் போவதில்லை.

நிமோனியாவில் நுரையீரல் காற்றிழந்து கல்லீரல் போலக் கெட்டியாகத் தெரியும். அதனுள் மூச்சோடு நகரும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் மூச்சுக்கிளை திறந்திருக்கிறது, தொற்று என்ற பக்கம் வலுவாகும். நகராத புள்ளிகள் சுருங்கிய நுரையீரலிலும் வரும். உறையைத் தொடாத, நடுவில் மட்டும் இருக்கும் நிமோனியா ஸ்கேனுக்குச் சிக்காது. சின்னக் குழந்தைகளில் மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியைக் கெட்டியான நுரையீரல் என்று எண்ணி ஆன்டிபயாடிக் தொடங்குவது நடக்கக்கூடிய தவறு. இடப்பக்கம் உணவும் காற்றும் நிறைந்த இரைப்பையும் அப்படி வேடம் போடும்.

நுரையீரல் உறைக்குள் தேங்கிய நீரை எடுக்கும் இடத்துக்கு வந்தால், ஸ்கேனின் நேரடிப் பயன் இங்கேதான் மிகத் தெளிவு. முதலில் தேட வேண்டியது நீரை அல்ல, உதரவிதானத்தை. அதன் வளைவு தெரிந்து, அதற்குக் கீழே கல்லீரல் அல்லது மண்ணீரல் தெரிந்து, அதற்கு மேலே உள்ள கருமை மட்டுமே நெஞ்சு நீர். உதரவிதானத்துக்கு மேலே முதுகெலும்பு தொடர்ந்து தெரிந்தால் அங்கே நீர் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. காற்றுள்ள நுரையீரல் இருந்தால் முதுகெலும்பு உதரவிதானத்தோடு மறைந்துவிடும். வயிற்று நீரை நெஞ்சு நீர் என்று நினைத்துக் குழாய் போட்டால் கல்லீரலோ மண்ணீரலோ கிழியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, எங்கே வெட்டுவது என்பதை விரலால் தட்டிப் பார்த்து முடிவுசெய்யும் காலம் போக வேண்டும்.

அளவை மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு: தலைப்பக்கம் 15 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, பின் அக்குள் கோட்டில், நுரையீரல் அடியில், மூச்சு விட்ட நிலையில் இரண்டு உறைகளுக்கும் இடையிலான அதிகபட்ச தூரத்தை மி.மீ.யில் அளந்து 20ஆல் பெருக்கினால் மி.லி. அளவு தோராயமாகக் கிடைக்கும். 30 மி.மீ. என்றால் ஏறக்குறைய 600 மி.லி. வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் வகுத்த கணக்கு இது. உட்கார்ந்திருப்பவருக்குப் பொருத்தக் கூடாது. ஊசி போடப் பாதுகாப்பான இடம் என்பதற்கு, மூச்சு உள்ளிழுக்கும்போதும் 15 மி.மீ. இடைவெளி, அதுவும் பக்கத்துப் பக்கத்து மூன்று இடைவெளிகளில் தெரிய வேண்டும் என்பது லிக்டென்ஸ்டைன் குழு சொன்ன அளவு. இடத்தைக் குறித்த பிறகு நோயாளியைப் புரட்டினால் குறி பயனற்றுப் போகும், நீர் இடம் மாறிவிடும். அதே நிலையிலேயே ஊசி போட வேண்டும், முடிந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே. ஊசி விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டிப் போகட்டும். முதியவர்களில் விலா இடைத் தமனி வளைந்து நடுவில் வந்துவிடும் என்பதால், லீனியர் புரோப்பில், இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டு அந்த இடைவெளியை ஒருமுறை பார்த்துவிட்டால் இரத்தக்கசிவுக்கு வாய்ப்புக் குறையும். நீர் கன்னங்கரேலென்று தெளிவாக இருப்பதால் தொற்றில்லை என்று முடிவுகட்ட முடியாது, ஆய்வகம் சொல்லட்டும்.

இத்தனைக்குப் பிறகும் எக்ஸ்ரே ஏன்? மூச்சுக்குழாய், மத்தியச் சிரைக் குழாய், நெஞ்சுக்குழாய் ஆகியவற்றின் முனை எங்கே போய் நிற்கிறது, நடு நெஞ்சு அகன்றிருக்கிறதா, உறையைத் தொடாத கட்டி, குழி உண்டா என்பதெல்லாம் ஒரே பார்வையில் அதில் தெரியும். நாளை வேறொரு மருத்துவர் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கதிர்வீச்சில்லாத ஸ்கேனை முதலில் வைப்பது சரியே. பருமனான உடம்பு, நெஞ்சு முழுக்கக் கட்டு, தோலடிக் காற்று ஆகியவை இருந்தால் அதே ஸ்கேன் கைவிட்டுவிடும்.

கருவி வாங்குபவர்கள் கவனிக்கச் சில. கையடக்கப் புரோப்கள் தொடர்ந்து ஓடினால் சூடாகித் தாமாகவே நின்றுவிடும். பார்த்து முடித்ததும் படத்தை உறையவைப்பது பழக்கமாக வேண்டும். சார்ஜில் வைப்பது யார் பொறுப்பு என்று பணி அட்டவணையில் பெயர் எழுதாவிட்டால் இரவு இரண்டு மணிக்குக் கருவி செத்துக் கிடக்கும். ஜெல்லைத் துடைக்காமல் அடுத்த நோயாளிக்குக் கொண்டுபோவது தொற்றைக் கொண்டுபோவதுதான். ஒயரையும் சேர்த்துத் துடைக்க வேண்டும், கையில் படுவது அதுதான் அதிகம். எல்லாப் புரோப்புக்கும் ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாது, முகப்பு ரப்பர் வெடித்துவிடும். தயாரிப்பாளர் அனுமதித்த துடைப்பானையே பயன்படுத்த வேண்டும். புண்ணுள்ள தோலில் கிருமியற்ற உறையும் கிருமியற்ற ஜெல்லும்.

பயிற்சிதான் கடைசி விஷயம், ஆனால் செலவுத் திட்டங்களில் எப்போதும் விட்டுப்போவதும் அதுதான். அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், ஒவ்வொரு வகைப் பரிசோதனைக்கும் 25 முதல் 50 வரை, தேர்ந்தவர் சரிபார்த்த ஸ்கேன்களைக் கேட்கிறது. ஒரு நாள் வகுப்பும் சான்றிதழும் இதற்கு ஈடாகாது. சரிபார்க்க வேண்டுமென்றால் பதிவு இருக்க வேண்டும்: ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது ஒரு முழு மூச்சு அடங்கும் ஐந்தாறு விநாடி ஓடும் படம், எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை மணிக்கு, எந்தச் சிகிச்சைக்கு முன் என்ற குறிப்போடு. அசையும் பொருளைப் பற்றிய தீர்ப்புக்கு அசையாத ஒற்றைப் படம் சாட்சியாகாது. நோயாளியின் கோப்பில் ‘ஸ்கேன் பார்த்தாயிற்று, நார்மல்’ என்று மட்டும் எழுதுவதை நிர்வாகங்கள் ஏற்கக் கூடாது. என்ன கேள்வி கேட்கப்பட்டது, எங்கெங்கே பார்க்கப்பட்டது, எதைப் பார்க்க முடியவில்லை என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் சிலர்